மூன்றாவது வெளியீடு

பாட்டு முதலில் வெளிவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செவ்வாய்க்கிழமையில் யாரும் புதுப் பாட்டு கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை விடலாம் என்று சொன்னேன். தங்கை கேட்கவில்லை.

அவள் ராக் குழுவில் பாடியவள். ரசிகர்கள் வைத்த பெயர் இடி. வீட்டில் பாப்பா. அவளுடைய எல்லாப் பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தவன் நான். இது ஒன்றைத்தான் குழு இல்லாமல் தனியாகப் பாடினாள். மெல்லிய பாட்டு. பூட்டிய வீட்டின் முன் நின்று அப்பாவைக் கூப்பிடும் ஒரு பெண். எங்கள் அப்பா இறந்த பிறகு எழுதியது.

"என்ன பாப்பா, இடி விழும்னு பார்த்தா தூறலோட நின்னுபோச்சு?" என்றான் குழுவின் டிரம்மர்.

"உனக்குத் தட்டத்தான் தெரியும், கேக்கத் தெரியாது. போடா."

வீட்டுக்கு வந்து அழுதாள். மாதம் முடிவதற்குள் பாட்டைத் திரும்பப் பெற்றோம்.

தவறு என்னுடையது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. வரிகளுக்கு நடுவே மூச்சு கீச்சென்று கேட்கும். அதை வெட்டி எடுப்பது என் வேலை. கூச்சலான பாட்டில் வெட்டியது தெரியாது. இதில் வெட்டியதும் குரல் பிளாஸ்டிக் பூ மாதிரி ஆகிவிட்டது. மேலே வயலின் சேர்த்து இரண்டாவது முறை வெளியிட்டோம். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் வானொலி அதைப் போட்டது. நானும் அங்கே இருந்தேன். ஒருவரும் தலை தூக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாடுறேண்ணா. இதுவும் ஓடலைன்னா விட்டுடறேன். பழையபடி கத்தவே போயிடறேன்" என்றாள்.

இம்முறை மூச்சை வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பாட்டுக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இழுப்புக்கான பம்ப் அவளிடம் இருக்காது. இருந்தால் அதையே நினைத்துக்கொண்டு பாடுவாள். பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் சட்டைப்பையில் இருக்கும். மூச்சு முட்டினால் கையைத் தூக்குவாள். நான் பதிவை நிறுத்திவிட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. அம்மாவைக் கேளுங்கள்.

பதிவுக்கு முதல் நாள் பாடும் அறைக்குப் புதுக் கம்பளம் ஒட்டினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது. பசை வாடை அவளுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் இழுத்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது சரணத்தில் கையைத் தூக்கினாள். அதற்குள் குரலில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அப்படி ஒன்றை நான் யாரிடமும் கேட்டதில்லை. இன்னும் ஒரு பல்லவிதான் பாக்கி. தொடரச் சொல்லி விரலைச் சுழற்றினேன். கையை இறக்கிக்கொண்டு தொடர்ந்தாள். நான் சொன்னால் கேட்பாள்.

கடைசிச் சொல்லுக்குப் பிறகு யாரும் அசையக் கூடாது. ஒலி முழுவதும் அடங்க வேண்டும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். நான் அசையவில்லை. ஒலி அடங்கியது. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல ஒலி. அதுவும் நின்ற பிறகு கதவைத் திறந்தேன். பம்ப் என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்றாவது வெளியீடு வெள்ளிக்கிழமை. இப்போது எல்லாப் பேருந்திலும் கேட்கிறது. டிரம்மர் வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். "பாப்பா பக்கத்துல உக்காந்து மூச்சு விடற மாதிரியே இருக்குடா" என்கிறாள் அம்மா. தினமும் கேட்கிறாள். அவளிடமிருந்து அதை மட்டும் பறித்துவிடாதீர்கள்.

நான் தங்கைக்குக் கெடுதல் நினைத்ததில்லை. அவள் கேட்டதைத்தான் செய்து கொடுத்தேன். பாட்டு ஓடுகிறது.

ஒரே ஒரு துண்டை வெட்டினேன். இருந்தால் முடிவு கெட்டுவிடும். அசல் பதிவில் அது அப்படியே இருக்கிறது, நீங்கள் கேட்கலாம். கடைசிச் சொல் அடங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே உட்கார்ந்தபடி, கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறாள்:

"அண்ணா, போதுமாண்ணா?"