கூடாரத்தில் ஒரு விடுமுறை

புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள்தான் தொடங்கினாள்.

“ஹோட்டல் எங்களுக்குக் கட்டாதெண்டு, பிள்ளையளின்ரை வக்கான்ஸ் லீவுக்குக் காட்டுக்கை கூடாரம் அடிச்சு இருக்கப் போனம், அக்கா. அடிச்ச கையோடை இவர் பக்கத்திலை பங்கர் வெட்டத் தொடங்கீட்டார். வன்னியிலை ஷெல்லடிக்கு வெட்டின மாதிரியே.”

“பிள்ளையள்?”

“விளையாட்டெண்டு நினைச்சு மண் அள்ளிக் குடுத்ததுகள். பிறகு காட்டுக் காவலாளி வந்து, உடனை மூடச்சொல்லி ஏசினவன்.”

நான் சிரிப்பை அடக்கினேன். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பங்கருக்கு மேலை போட மரக்குத்தி கிடைச்சதோ?”

“இல்லை.”

“அப்ப நீ அவருக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

இளையவள் கூடையைப் பார்த்தபடி சொன்னாள்.

“மூட முந்தி, நானும் ஒருக்கா இறங்கிக் குந்திப் பாத்தனான். எங்கள் நாலு பேருக்கும் இடம் காணாது, அக்கா.”