லைன் நின்றால் வரும் மெட்டு

1. பகல் ஷிப்ட் முடிந்து எங்கள் கம்பெனி பஸ் வல்லம் வடகாலைத் தாண்டியது.
2. எனக்கு முன் சீட்டில் இரண்டு பையன்கள். ஜன்னலோரம் இருந்தவன் தெற்கத்திக்காரன், மற்றவன் மண்ணூர்க்காரன்.
3. தெற்கத்திக்காரன் சொன்னான்: "நான் மியூசிக் போட்ட படம் வெள்ளிக்கிழமை வருது மக்கா. எப்படியாவது அதை நிறுத்தணும்."

"இன்னாடா நீ? கானாவையும் சர்ச் பாட்டையும் கலக்குறேன்னு ரூம்ல எங்க தூக்கத்தையே கெடுத்த. இப்ப நிறுத்தணுங்கிற?"

"நம்ம பேக்டரில அசெம்ப்ளி லைன் நின்னா ஸ்பீக்கர்ல ஒரு மெட்டு வரும்லா? அதைத்தான் படம் முழுக்கப் போட்டிருக்கேன். உள்ளயே ரெக்கார்டு பண்ணினது."

"போனை கேட்ல வாங்கி வெச்சிருவாங்களே!"

"சாப்பாட்டு டப்பாவுல வச்சுக் கொண்டு போனேன்."

"டேய், தெரிஞ்சா வேலை காலி."

"அதான் பயமா இருக்கு. திங்கக்கிழமை பர்மனென்ட் இன்டர்வியூ வேற. மெட்டைத் தூக்கிருங்கன்னு பட டைரக்டர்ட்ட கெஞ்சினேன். அந்த மெட்டுக்காகத்தான் உன்னையே எடுத்தேங்காரு. அதைக் கேட்டுத்தான் ஒரு ஓபராவுக்கு மியூசிக் போடவும் கூப்பிட்டிருக்காங்க."

"ஓபராவா? அது இன்னாது?"

"மேடை நாடகம். வசனமே கிடையாது. சண்டை, சாவு எல்லாம் பாட்டுதான்."

"எங்க ஊரு கூத்துன்னு சொல்லு," என்று மண்ணூர்க்காரன் சிரித்தான். "விடு மச்சி, குட்டி மெட்டு. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

தெற்கத்திக்காரன் அந்த மெட்டை மெல்ல விசிலடித்தான். தூங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "எந்த லைன் நின்னுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அதன் பிறகு மண்ணூர்க்காரன் சிரிக்கவில்லை.

படம் வெள்ளிக்கிழமை வருகிறது. மெட்டு அதில் இருக்கிறது.