வாரத்துக்கு அரை டெசிபல்

எதையும் நாலு இடம் விசாரித்துவிட்டு வாங்குவதுதான் என் பழக்கம். செருப்பு வாங்கினாலும் அப்படித்தான். ஆகவே அந்த இசைக்கருவிக் கடைக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை போனேன் என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். கடைக்காரர் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. நல்ல மனிதர், கொஞ்சம் வாய்தான் நீளம்.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் தம்பியும் தாளம் செய்து கொடுப்பவர்கள். விளம்பரம், தொடர் நாடகம், நடனப் பள்ளி, கேட்கிறவர்களுக்கெல்லாம் செய்வோம். தம்பி ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ரப்பர் தட்டுகளில் குச்சியால் வாசிப்பான். வெளியிலிருந்து பார்த்தால் மெத்தையைத் தட்டித் தூசி எடுப்பதுபோல இருக்கும். சத்தமெல்லாம் கம்பி வழியாகப் போய் அவன் ஹெட்போனில்தான் டிரம்ஸாகக் கேட்கும். வேகம் தப்பாமலிருக்க அதற்குள்ளேயே ‘டிக் டிக்’ என்று ஒரு க்ளிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அவன் வாசித்ததை வாங்கி, வெட்டி, ஒட்டி, அடுக்குவது என் வேலை. வீட்டில் அவனுக்கு டக்கு என்று பெயர். மூன்று வயதில் கரண்டியால் என் மண்டையைக்கூட விட்டுவைத்ததில்லை.

பழைய கருவி வாயைப் பிளந்துவிட்டது. புதிதாக எடுக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, தாளப் பெட்டி. மேசைமேல் வைத்துக்கொள்ளலாம், பாதி வேலையில் நின்று கழுத்தை அறுக்காது, விரலுக்கு ஒரு பொத்தான். இன்னொன்று, கணினியில் மென்பொருள். ஆயிரம் வகை ஒலி, ஒவ்வொரு அடியும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், அன்றன்றைய வேலையைத் தேதி போட்டுச் சேமிக்கலாம். இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் அரை நாள் பேசுவேன். என் தம்பி பெட்டிதான் வேண்டும் என்றான். வாசிக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் பொறுமையிழந்துவிட்டார். “தம்பி வாசிக்கத்தானே சார்? யோசிக்கவே வேண்டாம், பெட்டியை எடுத்துட்டுப் போங்க. ஹெட்போன் திருகு அவர் கைக்குப் பக்கத்துலயே இருக்கு. காதுல சத்தம் ஜாஸ்தியாச்சுன்னா அவரே குறைச்சுக்குவார். மென்பொருள்னா எல்லாம் உங்க கையிலதான் இருக்கும்.”

நான் மென்பொருளை எடுத்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். மதியம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: “அண்ணே, நாடு நாடாப் போற அந்த மேடைக்குழு இருக்கில்ல, அதுல டிரம்மர் இடம் காலியாகுதாம். அடுத்த வருஷம் ஆள் எடுக்கிறாங்க. நான் போகலாம்னு இருக்கேன்.”

“எத்தனை நாளைக்கு?” என்றேன்.

“ரெண்டு வருஷம். பிடிச்சுப்போச்சுன்னா அப்படியே இருந்துருவேன்.”

“போயேன்டா. உன்னை யார் பிடிச்சு வச்சிருக்கா?” என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் அவன் சொன்னது உறைத்தது. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். எனக்கு இருபது. பல் தேய்த்துவிட்டதிலிருந்து கல்யாணம் செய்துவைத்தது வரை நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் இருந்ததில்லை. அவனில்லாமல் நான் செய்யும் தாளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது.

கருவியைப் பொருத்திய முதல் நாள் ஹெட்போன் சத்தத்தின் அளவை ஒழுங்காகத்தான் வைத்தேன். காதைக் கெடுக்கும் அளவுக்கு மேலே போகாமல் தடுக்க அந்த மென்பொருளில் ஒரு காவல் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டேன். க்ளிக்குக்குப் பதினாறு ஒலிகள் இருந்தன, மொட்டையானது முதல் கூரானது வரை. ஆகக் கூரானதைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் திங்கட்கிழமைதோறும், அவன் உள்ளே போய் உட்காருவதற்கு முன்னால், அரை டெசிபல் ஏற்றினேன். அரை டெசிபல் என்பது ஒன்றுமே இல்லை சார். உங்களுக்கு இப்போது போட்டுக் காட்டினாலும் வித்தியாசம் தெரியாது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை வேறு. சனிக்கிழமை எந்த அளவில் கேட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கப்போகிறது?

அவன் கேட்டான், நான் கொடுத்தேன் என்று நேற்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. முதல் மூன்று மாதம் அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவனே கண்ணாடியைத் தட்டி, கட்டைவிரலை மேலே காட்டி, “அண்ணே, க்ளிக் ஏத்துங்க” என்பான். காது மந்தமாக மந்தமாக அதுவே இன்னும் வேண்டும் என்று கேட்கும். அப்போதும் நான் அரைக்கு மேல் ஏற்றவில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறவன் இல்லை நான்.

ஏழாவது மாதம் வாக்கில் அவன் வெளியே வந்து காதுக்குள் விரலை விட்டு ஆட்டினான். “அண்ணே, ஹெட்போனைக் கழட்டின பிறகும் காதுக்குள்ள ‘கொய்ங்’னு ஒண்ணு ஓடிட்டே இருக்கு. டாக்டர்கிட்ட காட்டவா?”

“தூக்கம் கெட்டா அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போ, சரியாயிரும்” என்றேன். நம்பிவிட்டான். நான் சொல்லி அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, அதனால் அவனை ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவைத்தேன்.

தம்பி மனைவி ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. நாள் முழுக்க நாற்பது வாண்டுகளோடு மாரடிக்கிறவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருநாள் என்னிடம் வந்து, “மாமா, இவர் நான் பேசும்போது என் வாயையே பார்க்கிறார். எங்க கிளாஸ்ல காது சரியில்லாத பிள்ளைங்க இப்படித்தான் பார்க்கும்” என்றாள். “புருஷன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கிறது ஒரு குத்தமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மேடைக்குழு ஆள் எடுத்த நாளை நீங்கள் கேட்டீர்கள். நானும் கூடத்தான் போனேன். தம்பியின் நல்லது கெட்டதுக்கு அண்ணன் போகாமல் யார் போவது? பெரிய கூடம், சுவரோரம் ஏழெட்டுப் பேர். அங்கே வைத்திருந்தது அதே தாளப் பெட்டி, பக்கத்தில் திருகோடு. தம்பி உட்கார்ந்தான், ஹெட்போனை மாட்டினான், குச்சிகளைத் தூக்கினான். அவர்கள் க்ளிக்கை ஓடவிட்டார்கள். பெட்டியின் விளக்கு சிவப்பாக மின்னி மின்னி அணைவது எனக்குத் தெரிந்தது. குச்சிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. நான்கு சுற்று போனது, எட்டு போனது. ஒருவர் இருமினார்.

தம்பி திருகைக் கொஞ்சம் திருப்பினான். பிறகு கோடி வரைக்கும் திருப்பினான்; காவல் எடுக்காத பெட்டி, அதற்கு மேல் போகாது. பிறகு என்னைப் பார்த்தான். அவர்களை அல்ல, என்னைத்தான் பார்த்தான்.

“அண்ணே, க்ளிக் ஆரம்பிச்சிருச்சா?” என்றான்.

கூர்மையான ஒலி கேட்பதுதான் முதலில் போகும் என்று டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது முன்பே தெரியும், நாலு இடம் விசாரிக்கிற பழக்கம் என்று சொன்னேனே. நான் எழுந்துபோய் அவன் தோளைத் தொட்டு, “வாடா, வீட்டுக்குப் போகலாம்” என்றேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே அவன் என் கையைப் பிடித்திருந்தான், ஆறு வயதில் பிடித்த மாதிரியே.

மறுநாள் அவன் மனைவி எங்கள் அறைக்கு வந்தாள். நேராகக் கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். “போடுங்க மாமா, அவர் கேட்கிற அதே அளவுல” என்றாள். கையால் வேண்டாம் என்று காட்டினேன். அவள் நகரவில்லை. போட்டேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை, பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். பிறகு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, “இது எத்தனை நாளா?” என்றாள்.

“அவன்தான் கேட்டான்மா” என்றேன்.

அவள் புகாரின் பேரில் கணினியை நீங்கள் எடுத்துப்போனபோதுகூட நான் பயப்படவில்லை. என் பழக்கத்தை நானே மறந்துவிட்டேன். பழைய கோப்பின்மேல் புதியதை எழுதவே மாட்டேன் நான், ஒவ்வொரு நாளும் தேதி போட்டுத் தனியாகச் சேமிப்பேன். தாளம் செய்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், என்றைக்கோ வாசித்த ஓர் அடி என்றைக்காவது தேவைப்படும். அடிகள் மட்டுமல்ல, அன்றைய ஹெட்போன் அளவும் ஒவ்வொரு கோப்பிலும் ஏறிவிடும். உங்கள் பையன்கள் அத்தனையையும் வரிசையாகத் திறந்து, ஐம்பத்திரண்டு திங்கட்கிழமைகளை ஒரே தாளில் அச்சடித்து என் முன்னால் வைத்தார்கள். படிக்கட்டு மாதிரி இருந்தது, ஒரு படிகூடக் கோணவில்லை. பெட்டியை வாங்கியிருந்தால் இப்படி ஒரு தாளே இருந்திருக்காது. அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் செய்யவும் முடிந்திருக்காது, அது வேறு.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதில் அவன் வாசித்தது இருக்கிறது சார். அதை எப்படி அழிப்பது?

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பியின் காதை நான்தான் கெடுத்தேன். தெரிந்தே, யோசித்தே, ஒரு வருடம் முழுக்க, வாரத்துக்கு அரை டெசிபல் வீதம். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவது வரியில் மட்டும் ஒரு திருத்தம். ‘பொறாமையால்’ என்று போட்டிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அவன்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. கையில் ஒரு கீறல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். வாசிக்கிற கை அது.

அவன் மனைவி அவனைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். இதெல்லாம் என்ன என்று அவனிடம் எழுதிக் காட்டியிருப்பாள். கோபம் இருக்கும், இல்லாமலா போகும். ஆனால் அவனை எனக்குத் தெரியும், எந்தக் கோபத்தையும் ஞாயிற்றுக்கிழமை தாண்டி வைத்துக்கொள்ளமாட்டான். அந்தக் கண்ணாடி அறையை மட்டும் பூட்டிவிடாதீர்கள் சார், திங்கட்கிழமை அவன் வந்துவிடுவான்.