நாத்தம் சேர்க்கிற வேலை

அந்த நாற்காலி வேணாம் சார், பேன்ட்ல கரி ஒட்டிக்கும். இதுல உக்காருங்க. அடுப்படியை அப்புறம் பாக்கலாம். எங்க ஓடிடப் போவுது.

என் சம்சாரம் போயி இன்னியோட பதினாலு நாள். ம்... சாப்பிடறேன் சார், சாப்பிடறேன்.

எங்க பிளான்ட்டுல வாசனை மருந்து விடறவன், சொட்டுன்னு நாங்க கூப்பிடறவன், அவனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாமே? கேஸ்ல வாசனை போட மறந்துட்டான்னு? அதான் விசாரணையா? ஒரு பீடி கேட்டாக்கூட தரமாட்டான் சார், மகா கஞ்சன். ஆனா மருந்து விடறதுல ஒரு சொட்டு குறைக்க மாட்டான்.

இருங்க, புரியும்படி சொல்றேன். பூமியிலேருந்து வர்ற கேஸை அப்படியே குழாய்ல விட முடியாது. தண்ணி, எண்ணெய் எல்லாம் பிரிக்கணும். அழுகின முட்டை மாதிரி நாறுற விஷவாயு ஒண்ணு இருக்கும், அதை மருந்துத் தண்ணியில கழுவி எடுக்கணும். அங்கதான் எனக்கு பத்தொம்பது வருஷமா வேலை. சுத்தமானதும் ஒரு வாடையும் இருக்காது, கசிஞ்சாலும் தெரியாது. அதனால கடைசியில நாத்தத்தை நாமளே சேர்க்கறோம். எடுக்க ஒரு சம்பளம், போட ஒரு சம்பளமான்னு இவ சிரிப்பா.

அந்த விஷவாயு கொஞ்சமா இருந்தா நாறும். அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துடும். நாத்தம் நின்னா ஓடணும்னு புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். ஆறு வருஷம் முன்னாடி ஒரு வால்வு கசிஞ்சுடுச்சு. நானே ஓடாம நின்னுட்டேன். பொழச்சேன். மூக்கு மட்டும் திரும்பி வரல.

டாக்டரா? வருஷா வருஷம் மோந்து பாக்கச் சொல்லி குப்பியை நீட்டுவாரு. முகத்தைச் சுளிப்பேன். பாஸ். தெரிஞ்சா வேலையிலேருந்து தூக்கிடுவாங்கல்ல. இவகிட்டயும் சொல்லல. சமையல் கமகமன்னு இருக்குன்னு தினமும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

நீங்க எழுதிக்குங்க சார், வாசனை போட்டிருந்தது. மாடி வீட்டம்மாவைக் கேளுங்க. வாடை அடிக்குதுன்னு சொல்லத்தான் இறங்கி வந்துட்டிருந்தாங்க. வெடிச்சப்போ பாதிப் படியில இருந்தாங்க, பாவம்.

அன்னிக்கு இவளுக்கு ஜலதோஷம். நான் வாசல்ல ஷூ மாட்டிட்டிருந்தேன். ஏங்க, எனக்கு மூக்கு அடைச்சிருக்கு, கேஸ் வாடை ஏதாவது வருதா பாருங்கன்னா.

நல்லா மூச்சை இழுத்துப் பாத்துட்டு, வரலைன்னேன்.

எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா?