அக்காளின் கைப்பேசி என் முகத்துக்குத் திறந்தது

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் பாலகிருஷ்ணன் அவர்களே! அசாம் ஜாவா வட்டாரப் பயனீட்டாளர் மன்றத்தின் பெரியோர்களே! பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வியர்வை சிந்தி எங்களைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களே! மேடையை ஒரு கண்ணாலும் கைப்பேசியை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் அனைவரையும் உஷாராணி கைகூப்பி வணங்குகிறேன்.

“நம் கைப்பேசி, நம் உரிமை” என்ற தலைப்பில் தெளிவுரை ஆற்றச் சொல்லி அழைத்தார்கள். தெளிவுக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பதெல்லாம் குழப்பம். அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

என்னோடு ஒரே கருவில் உருவானவள், எனக்குச் சற்றே முன் பிறந்தவள், என் அக்காள் விஜயராணி. பெற்ற தாயே தடுமாறும் அளவுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே முகம். ரவாங் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். சென்ற மழைக்காலத்தில் டிங்கிக் காய்ச்சல் அவளை வாரிக்கொண்டு போயிற்று. கணவர் திலீப்பும் மகள் நித்தியாவும் கதறி நின்றார்கள். அவளுடைய கைப்பேசி பூட்டியபடியே கிடந்தது.

தாயின் குரல் அதற்குள். மகளின் மழலைக் காலப் படங்கள் அதற்குள். திறக்கும் எண்ணோ எவருக்கும் தெரியாது.

என்ன சொல்கிறீர்கள் அண்ணே? “சொல்லி வெச்சிருக்கலாமே லா” என்கிறீர்களா? சாகப்போகிறோம் என்று தெரிந்தா காய்ச்சலில் படுக்கிறோம்?

திலீப் மாமா கைப்பேசி நிறுவனத்துக்கு எழுதினார். இறப்புச் சான்றிதழையும் இணைத்து அனுப்பினார். பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபமாம், ஆயினும் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டுத் திறக்க இயலாதாம்! தொலைபேசியில் அழைத்தால் இயந்திரம் பேசியது. “ஒரு மனுசன்கூட இல்லியா அங்க?” என்று இயந்திரத்திடமே கேட்டார் மாமா.

அவள் எங்கே போனாள் என்று அறிந்த நிறுவனம்! என்ன வாங்கினாள், எத்தனை மணிக்கு உறங்கினாள் என்று அறிந்த நிறுவனம்! அவள் இறந்ததை மட்டும் அறியாமல் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய நிறுவனம்! அந்தரங்கத்தைப் பற்றிப் பேச அதற்கு வாய் உண்டா?

இப்படித்தான் கொதித்தேன். அப்போது நித்தியா ஓடி வந்தாள்.

“சின்னம்மா, கொஞ்சம் இத நேரா பாருங்க.”

பார்த்தேன். கைப்பேசி திறந்துகொண்டது.

தாய்மார்களே, யாரை அடையாளம் கண்டது அது? என்னையா, அவளையா? சட்டமும் சான்றிதழும் திறக்காத கதவு என் முகத்துக்குத் திறந்துவிட்டதே! மகிழ்வதா, அஞ்சுவதா? நித்தியா மகிழ்ந்தாள். தன் தாய் தனக்கு அனுப்பாமலே வைத்திருந்த குரல்பதிவு ஒன்றைத் தேடி எடுத்தாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடியிருக்கிறாள் அக்காள். சுருதி சேரவேயில்லை. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து, பிறகு கட்டிப்பிடித்து அழுதோம்.

மாமா மட்டும் அழவில்லை.

“உஷா, எனக்குப் படம் வேணாம். கடைசி மாசம் பூரா அவ போனும் கையுமா இருந்தா. யார்கிட்ட பேசினா? வாட்ஸ்அப் புலனத்தத் தெற. அனுப்பின செய்தியெல்லாம் காட்டு.”

நான் திறக்கவில்லை.

“மாமா, அக்கா உசிரோட இருந்தா இத உங்க கையில குடுத்திருப்பாளா?”

“அவதான் இல்லியே!”

“அவ இல்லாதப்போ, அவ மூஞ்சிய வெச்சு நான் தெறக்கக் கூடாது மாமா.”

“அப்ப படம் எடுக்க மட்டும் தெறக்கலாமா? அதுவும் அவளுதுதானே?”

அவையோரே, நேற்றுவரை நான் திட்டித் தீர்த்த நிறுவனம் சொன்னதையேதான் நானும் சொல்லிக்கொண்டு நின்றேன். அது பூட்டினால் ஆணவம், நான் பூட்டினால் அன்பா? அந்தச் செய்திகளுக்குள் மாமாவின் நெஞ்சை ஆற்றும் சொல் ஒன்று இருந்திருந்தால்? அதை மறைத்த பாவி நானல்லவா? எதுவும் இல்லாமலே போயிருந்தால்? பார்க்காத எனக்கு எப்படித் தெரியும்?

படங்களையும் குரலையும் நித்தியாவின் கைப்பேசிக்கு மாற்றினோம். சில நாளில் அக்காளின் கைப்பேசி மின்னூட்டம் தீர்ந்து அணைந்தது; மறுபடி போட்டபோது என் முகத்தை மறுத்தது, எண்ணைக் கேட்டது. அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. “நீ எதையோ பார்த்துட்டு மறைக்கிற” என்றார் மாமா. கருமக்கிரியைக்கு வந்த உறவினர் நடுவே என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நித்தியாவைக்கூட என் வீட்டுக்கு அனுப்பவில்லை. அக்காளோடு அவள் குடும்பத்தையும் இழந்தேனோ என்று தவித்தேன்.

மாதங்கள் கடந்தன. ஒரு ஞாயிறு மதியம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மாமா வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தம் கைப்பேசியை எடுத்து என் முன் நீட்டினார்.

“கூட வேலை செய்யுறவன் ஒருத்தன் போன வாரம் தவறிட்டான். அவனோட கைப்பேசிய ஆபீஸ்ல தெறந்து, எல்லாரும் கூடி நின்னு படிச்சாங்க உஷா. சிரிச்சாங்க. என்னால அங்க நிக்க முடியல.”

கைப்பேசியை என் கையில் வைத்தார்.

“இதத் தெறக்குற நம்பர் சொல்றேன், மனசுல வெச்சுக்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நித்தியாவுக்குப் படத்த எடுத்துக் குடு. மத்தது எதையும் நீ தெறக்க மாட்ட. எனக்குத் தெரியும்.”

உலகத்தையே தன் கிடங்கில் அடைத்துவைத்திருக்கும் எந்த நிறுவனமாவது இப்படி ஒரு நம்பிக்கையைப் பெற்றதுண்டா? ஆயிரம் பக்க ஒப்பந்தத்துக்கு “சம்மதம்” என்று விரல் வைக்கிறோமே, நம் மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோமா? நான் போனபின் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று உயிருள்ள வாயால் சொல்லுங்கள்! கணவரிடம் சொல்லுங்கள், மகளிடம் சொல்லுங்கள், நம்புகிற தோழியிடம் சொல்லுங்கள்! நம் அந்தரங்கத்தின் காவலை நாமே நியமிப்போம்!

நித்தியா இதோ முன்வரிசையில் இருக்கிறாள். பக்கத்தில் அவள் தந்தை. உங்கள் எல்லாரையும்விட அவர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு முதல் நன்றி. மேடை தந்த தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!