பஸ்ஸில் வந்த உறைந்த தவளை

பிள்ளைகளே, பனி கரையத் தொடங்கிய ஒரு காலை, சென்ட் லோரன்ட் என்ற ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் உயிரியல் பேராசிரியர். மற்றவர் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவருடைய அயல்வீட்டு அக்கா. இருவருக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டி.

“கவனம் அக்கா, பெட்டிக்குள்ள தவளை. இதயம் நிண்டிட்டுது, ஆனா சாகேல்லை.”

“என்ன விசர்க்கதை தங்கச்சி?”

“மாரிக் குளிரில ஐஸ்கட்டி மாதிரி உறைஞ்சிடும். இளகினா இதயம் திரும்பத் துடிக்கும்.”

நான் முன்னால் சாய்ந்து கேட்டேன். அக்கா பெட்டியை மெல்ல ஹீட்டர் பக்கம் தள்ளினார்.

“ஐயோ, வேண்டாம்! அவசரமா இளகினா உண்மையாவே செத்துடும்.”

“அப்ப வீட்டிலயே ஆறுதலா எழுப்பி வீடியோ போட்டிருக்கலாமே?”

“எழும்புமோ எண்டு எனக்கே தெரியாது. மாணவரோட சேர்ந்து நானும் காத்திருக்கிறதுதான் பாடம். வகுப்பில இருந்து நேரடியாப் போடுவன்.”

“எழும்பாட்டி?”

“அதையும் போடுவன். எழும்பினதை மட்டும் காட்டினா அது வித்தை, விஞ்ஞானம் இல்லை.”

அக்கா பெட்டியைக் குளிர்ந்த ஜன்னலோடு அணைத்துப் பிடித்தார். பஸ் நின்று மறுபடி கிளம்பியது.

“அக்கா, உங்கட ஸ்டொப் போயிட்டுது!”

“போகட்டும். பிந்திப் போனா ஏச்சுத்தானே விழும். இந்தச் சீவன் எழும்புதோ எண்டு பாத்திட்டுப் பேந்து போறன்.”