பிராண்ட்னர் சொன்னதும் நான் சொன்னதும்

விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக் குறையைப் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே பழக்கிவிட்ட காரியம். கொச்சியில் எங்கள் பொறியாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தபோதும் அதைத்தான் கடைப்பிடித்தேன். சங்கத்தில் ஜெர்மன் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஜெர்மனியில் படித்தவன். எழுபத்தெட்டில் அந்த நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் சார்பில் பிராண்ட்னர் வந்தபோது, அவருக்கு வாயும் நான்தான், காதும் நான்தான்.

இரண்டு சங்கங்களும் உடன்படிக்கை செய்துகொள்ளவிருந்தன. நம் பையன்கள் அங்கே போய்ப் பயிற்சி பெறலாம், நம் தகுதியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதற்காக நான் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்திருக்கிறேன். கையெழுத்துக்கு முதல் நாள், எங்கள் வேலை எதையாவது பார்க்க வேண்டும் என்றார் அவர். கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியை நான் பலப்படுத்திக் கொடுத்திருந்தேன். அங்கே அழைத்துப் போனேன்.

மற்றவர்கள் வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து மட்டும் எங்களோடு இருந்தான். அவன் மனைவி மூக்கம்மாளும் வேறு சில பெண்களும் மாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து சுக்குப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் பிராண்ட்னர் தன் பேனாக்கத்தியைச் செருகினார். பிடி வரை இறங்கியது. இசக்கிமுத்துவைப் பார்த்து, "உள்ளே உளுத்துவிட்டது. மேலே இருக்கும் மூட்டைகளை இன்றே இறக்கிவிடு. கீழே யாரும் உட்காரக் கூடாது" என்றார்.

"கல்யாணராமன் சார், என்ன சொல்லுதாரு?"

"இந்த மாதிரித் தேக்கு அவா ஊர்ல கிடையவே கிடையாதாம்."

இசக்கிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். இன்றே இறக்கிவிடுவதாகச் சொல்கிறான் என்று பிராண்ட்னரிடம் சொன்னேன்.

கையெழுத்தானதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கையெழுத்தானது, விருந்தும் முடிந்தது. அப்புறம் சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஜூன் மழையில் மாடி இடிந்து இறங்கியது. மூக்கம்மாளோடு இன்னும் மூன்று பெண்கள் போனார்கள். எனக்குத் துக்கம் தாளவில்லை. சுடுகாடு வரை நடந்தே போனேன். விசாரணையில் எங்கள் சங்கத்தின் கருத்தைக் கேட்டார்கள். மூட்டைகளை அளவுக்கு மேல் அடுக்கியதுதான் காரணம் என்று செயலாளர் என்ற முறையில் சொன்னேன். இசக்கிமுத்துவுக்கு வேலை போயிற்று. பாவம், அவனும் அதை நம்பிவிட்டான்.

மறு வருஷம் பிராண்ட்னர் வந்தார். மாடி விழுந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. இசக்கிமுத்துவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பள்ளுருத்தியில் அவன் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போனதும், "நான் அவ்வளவு சொன்னேனே, ஏன் இறக்கவில்லை? அவள் உன் மனைவி அல்லவா?" என்று கேட்டார்.

"சார், என்ன சொல்லுதாரு?"

"உன் துக்கத்துல அவா சங்கமும் பங்கு எடுத்துக்கறதாம்."

இசக்கிமுத்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நாந்தான் சார் கூட அடுக்கிட்டேன். என் கையாலயே அவளக் கொன்னுட்டேனே" என்று கதறினான்.

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். பிராண்ட்னர் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் மட்டும் இல்லாவிட்டால், அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்கவே முடியாது.